30,000 மணி நேரம் என்றால் என்ன அர்த்தம்?

புது டிவி தொழில்நுட்பம் ஒன்று வந்தால் நாம் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுகிறோம். பக்கத்திலேயே ஆயுள் என்று ஒரு எண் இருக்கும். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. விலை எப்படியும் நாலைந்து வருஷத்தில் இறங்கிடும், காத்திருந்தால் போதும். பிரிச்சுப் பார்க்க வேண்டியது அந்த ஆயுள் எண்ணைத்தான் என்பது என் கட்சி. இதற்கு சோனியின் எக்ஸ்இஎல்-1 நல்ல உதாரணம்.

கடைக்கு வந்த முதல் ஓஎல்இடி டிவி அது. 2007 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 11 அங்குலத் திரை, 3 மில்லிமீட்டர் தடிமன், விலை 2 லட்சம் யென். அமெரிக்காவில் சுமார் 2,500 டாலர். ஆயுள் 30,000 மணி நேரம் என்றது சோனி. தினம் 8 மணி நேரம் ஓடினால் 10 வருஷம். கேட்க நல்லாத்தான் இருக்கு.

2008-ல் டிஸ்ப்ளேசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் இந்த டிவியை 1,000 மணி நேரம் ஓடவிட்டு அளந்தது. சிவப்பின் வெளிச்சம் 7 சதவீதம் குறைந்திருந்தது, பச்சை 8 சதவீதம், நீலம் 12 சதவீதம். இதை வைத்து அவர்கள் போட்ட கணக்கு: சாதாரண வீடியோ ஓடினால் ஆயுள் 17,000 மணி நேரம். திரை முழுக்க வெள்ளையாகவே இருந்தால் வெறும் 5,000.

ஒரே டிவிக்கு மூன்று ஆயுள். யார் பொய் சொன்னது? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அதுதான் விஷயமே. இங்கே ஆயுள் என்பது டிவி செத்துப்போகும் நாள் இல்லை. வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரம். எவ்வளவு வெளிச்சத்தில், என்ன படத்தை ஓடவிட்டு அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, அதனால் ஒவ்வொன்றும் தான் உழைத்த அளவுக்குத் தேய்கிறது. வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் ஆயுள் பாதிக்கும் கீழே போகும். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம், அதை உமிழும் மூலக்கூறுகள் சீக்கிரம் சிதைகின்றன. ஆக, வெளிச்சம் பாதியாவதற்கு ரொம்ப முன்னாடியே வெள்ளை மஞ்சளடிக்க ஆரம்பிச்சிடும். அந்தத் தேதியை எந்த அட்டைப்பெட்டியும் சொல்லாது.

இப்போ விலையை ஆயுளால் வகுத்துப் பாருங்கள். 30,000 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 8 சென்ட். 17,000 என்றால் 15 சென்ட். 5,000 என்றால் 50 சென்ட். பில்லில் இருக்கும் தொகை ஒன்றுதான், ஆனால் உண்மையான விலை ஆறு மடங்கு வரை ஆடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. 30,000 மணி நேரத்தைக் கடக்க, ராப்பகலாக ஓடவிட்டாலும் 3 வருஷம் 5 மாசம் ஆகும். 2010 தொடக்கத்திலேயே சோனி ஜப்பானில் இந்த டிவியின் விற்பனையை நிறுத்திவிட்டது. முதல் நாள் வாங்கி அணைக்காமலே வைத்திருந்தவருக்குக்கூட அதற்குள் 20,000 மணி நேரம் ஆகியிருக்காது. அதாவது, வாக்குறுதியைச் சரிபார்க்க வழி வருவதற்கு முன்பே பொருள் சந்தையை விட்டுப் போய்விட்டது. புது தொழில்நுட்பத்தின் ஆயுள் எண் பெரும்பாலும் அளந்த எண் இல்லை, சில நூறு அல்லது ஆயிரம் மணி நேர அளவை நீட்டிப் போட்ட மதிப்பீடு.

“அது பழைய கதை சார், இப்போ எல்லாம் சரியாயிடுச்சு” என்று சொல்லலாம். பாதி உண்மை. எல்ஜி பெரிய திரைகளில் வெள்ளை ஒளி ஓஎல்இடிக்கு மேல் வண்ண வடிகட்டி வைத்தது. நிறம் ஒருபக்கமாகச் சாய்வது இதனால் வெகுவாகக் குறைந்தது. விலையும் இறங்கிவிட்டது. ஆனால் 2018-ல் ஆர்டிங்ஸ் தளம் ஒரே மாடல் எல்ஜி ஓஎல்இடி டிவிகள் ஆறை வாங்கி, தினம் 20 மணி நேரம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஓடவிட்டது. சிஎன்என் ஓடிய திரைகளில் சேனலின் சின்னமும் பட்டையும் தழும்பாகப் பதிந்தன. கால் ஆஃப் டியூட்டி விளையாட்டு ஓடிய திரையில் அப்படி எதுவும் குறிப்பாகத் தெரியவில்லை. டிவி ஒன்றுதான், பார்த்தது வேறு.

எனவே நாள் முழுக்க செய்தி சேனல் ஓடும் வீட்டுக்கும் ராத்திரி மட்டும் படம் பார்க்கும் வீட்டுக்கும் ஒரே ஆயுள் எண்ணைக் கொடுப்பது அர்த்தமில்லாதது. நம்ம ஊர் செய்தி சேனல்களில் மூலையில் சின்னம், கீழே ஓடும் பட்டை, பக்கத்தில் இன்னொரு பெட்டி என்று திரையில் பாதி அசைவதே இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கம்பெனிகள் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்த வெளிச்சத்தில் அளந்தார்கள், என்ன படத்தை ஓடவிட்டார்கள், 1,000 மணி நேரம் கழித்து ஒவ்வொரு நிறமும் எவ்வளவு குறைந்தது. அதுவரைக்கும் கடையில் யாராவது “ஒரு லட்சம் மணி நேரம் வரும்” என்றால், “என்ன ஓடவிட்டா?” என்று கேளுங்கள். வாரன்டி அட்டையில் எத்தனை வருஷம் போட்டிருக்கு, அதில் திரைத் தழும்பு சேருமா என்றும் பாருங்கள். கம்பெனி தன் காசை வைத்துச் சொல்லும் ஆயுள் அது ஒன்றுதான்.