எழுத்துப்பொருளும் குறிப்புப்பொருளும்: தமிழ்க் கிறிஸ்தவத்தில் கடைசிக்கால வாசிப்பு

விவிலியத்தின் கடைசி நூலைத் தமிழ்ச் சீர்திருத்த சபையார் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும், கத்தோலிக்கர் 'திருவெளிப்பாடு' என்றும் அழைக்கின்றனர். பெயரில் உள்ள வேறுபாடு சிறியது. அந்நூலை வாசிக்கும் முறையில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அதில் வரும் ஆயிரம் ஆண்டு அரசாட்சி, மிருகம், 666 என்னும் எண், புதிய எருசலேம் ஆகியவை எழுத்தின்படியே நடக்கப் போகின்றனவா, அல்லது வேறொன்றைக் குறிக்கின்றனவா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் கிறிஸ்தவ வரலாற்றுக்கும் இக்கேள்வியோடு தொடர்பு உண்டு. அவ்வரலாற்றை வைத்து இரு வாசிப்புகளின் பலத்தையும் பலவீனத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இரு வாசிப்புகளின் வரலாறு

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தின் ஆறு வசனங்களில் (2–7) 'ஆயிரம் வருஷம்' என்னும் தொடர் ஆறு முறை வருகிறது. பப்பியா, யுஸ்தீன், இரேனேயு முதலிய ஆதி சபைத் தந்தையர் இதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டனர். கிறிஸ்து திரும்பி வந்து பூமியில் ஆயிரம் ஆண்டுகள் ஆளுவார் என்று நம்பினர். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் இதை மறுத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், ஆயிரம் ஆண்டு என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட சபையின் காலம் என்று விளக்கினார். அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்குத் திருச்சபையில் இவ்விளக்கமே நிலைத்தது. லுத்தரன் சபையின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையும் (1530) உலகியல் சார்ந்த ஆயிரமாண்டு அரசை மறுத்தது.

நேர்ப்பொருள் வாசிப்பு 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் வலுப்பெற்றது. ஜான் நெல்சன் டார்பி என்ற பிரதரன் போதகர், சபை இரகசியமாய் எடுத்துக்கொள்ளப்படும், அதன்பின் ஏழு ஆண்டு உபத்திரவம் வரும், பிறகு ஆயிரமாண்டு அரசு நிறுவப்படும் என்று ஒரு வரிசையை அமைத்தார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் விவிலியத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகெங்கும் பரப்பின. இன்று தமிழ்நாட்டின் பல பெந்தெகொஸ்தே, சகோதர சபைகளில் 'இரகசிய வருகை' என்று போதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த வரிசையே.

கிறிஸ்தியான்பேட்டை

டார்பியின் சமகாலத்தவரும் பிரதரன் இயக்க முன்னோடிகளில் ஒருவருமான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் கற்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) அவரோடு இணைந்தார். அருளப்பன் 1840இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பகுதியில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை நிறுவினார். மிஷன் சம்பளத்தை ஏற்காமல், பயிர்த்தொழிலைச் சார்ந்து வாழும் விசுவாசிகளின் ஊராக அதை அமைத்தார்.

1860இல் அங்கிருந்து திருநெல்வேலிச் சீமையில் ஓர் எழுப்புதல் பரவியது. அந்நிய பாஷை பேசுதல், தரிசனம், தீர்க்கதரிசனம் ஆகியவை அதில் காணப்பட்டன. பெண்களும் அதில் பங்கெடுத்தனர். சி.எம்.எஸ். மிஷனெரி ஆஷ்டன் டிப் அவ்வாண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் அசுசா தெரு எழுப்புதலுக்கு (1906) அரை நூற்றாண்டுக்கு முந்தியது இது.

கிறிஸ்து விரைவில் வருகிறார் என்பது குரோவ்சின் வட்டத்தில் பொதுநம்பிக்கை. அருளப்பனின் சபை அந்தச் சூழலில்தான் வளர்ந்தது. ஆயினும் அவ்வூரில் நிலம் வாங்கினார்கள், பள்ளி நடத்தினார்கள், பயிரிட்டார்கள். நாளையே வருகை என்று நம்புவோர் உலகைக் கைவிட்டுவிடுவர் என்னும் பொதுவான குற்றச்சாட்டு இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. அவர்கள் காலத்தைக் கணக்கிடாமல் காத்திருந்தார்கள்.

1881: கணக்கு தவறியபோது

எழுப்புதலின் அலை 1870களில் திருவிதாங்கூருக்குப் பரவியது. அங்கே அது வேறு திசையில் சென்றது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் குருவான யுஸ்தூஸ் யோசேப்பு (வித்துவான்குட்டி) அதன் தலைவரானார். ஆறு ஆண்டுகளில், அதாவது 1881இல், கிறிஸ்து வருவார் என்று 1875இல் அவருடைய இயக்கம் அறிவித்தது. மிஷனெரிகள் எதிர்த்தனர். இயக்கத்தார் பிரிந்து தனிச்சபையாயினர்.

1881இல் எதிர்பார்த்தது நடக்கவில்லை. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர், அவ்வாண்டில் புதிய யுகம் பிறந்துவிட்டது என்று விளக்கி 'யுயோமயம்' என்னும் சமூகமாகத் தொடர்ந்தனர். வித்துவான்குட்டியின் மலையாளக் கீர்த்தனைகள் மட்டும் எல்லாச் சபைகளிலும் நிலைத்தன.

அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் சீடர்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதி ஏமாந்தபோதும் இதுவே நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர், அந்நாளில் நிகழ்ந்தது பூமிக்குரியதன்று, பரலோக ஆசரிப்புக் கூடாரத்திற்குரியது என்று விளக்கினர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை அதிலிருந்து எழுந்தது. எழுத்துப்பொருள் பொய்த்தபோது இரு இயக்கத்தாரும் குறிப்புப்பொருளிடமே அடைக்கலம் புகுந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

எழுத்துப்பொருளின் குறை

எழுத்தின்படி வாசிப்பதாகச் சொல்வோர் உண்மையில் அப்படி வாசிப்பதில்லை. ஏழு கொம்பும் ஏழு கண்ணும் உடைய ஆட்டுக்குட்டியை (5:6) எவரும் விலங்காக எடுத்துக்கொள்வதில்லை. 9ஆம் அதிகாரத்தின் வெட்டுக்கிளிகளை ஹெலிகாப்டர்களாகக் கருதலாம் என்றார் 1970களின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஹால் லிண்ட்சே. இதுவும் குறியீட்டு வாசிப்புதான். வேறுபாடு என்னவெனில், குறியீட்டுக்கான திறவுகோலை நூலில் தேடாமல் அன்றைய செய்தித்தாளில் தேடுகிறது. 666 பார்கோடு ஆனதும், பின்னர் ஆதார் அட்டை ஆனதும் இவ்வழியில்தான்.

நூலோ தன் திறவுகோல்களைத் தானே தருகிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் (1:20). ஏழு தலைகள் ஏழு மலைகள் (17:9). ஏழு மலைகளின் நகரம் ரோம் என்பதை முதல் வாசகர்கள் அறிவர். தண்ணீர்கள் ஜனக்கூட்டங்கள் (17:15). மகா நகரத்தைச் சோதோம் என்றும் எகிப்து என்றும் சொல்லும் இடத்தில் (11:8) பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'ஞானார்த்தமாய்' என்னும் சொல்லையே பயன்படுத்துகிறது. நேரோ சீசர் என்னும் பெயரை எபிரெய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வருகிறது. சில கையெழுத்துப் பிரதிகளில் உள்ள 616, அப்பெயரின் லத்தீன் வடிவத்தைக் கூட்டினால் வருகிறது. இந்த இரட்டைப் பொருத்தத்தை வேறு விளக்கங்கள் எளிதில் தருவதில்லை.

குறிப்புப்பொருளின் குறை

ஆனால் குறியீட்டு வாசிப்பும் குற்றமற்றதன்று. அது வசதியானோர் கையில் நூலின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. பலிபீடத்தின் கீழிருந்து, இன்னும் எத்தனை காலம் என்று கூப்பிடும் கொல்லப்பட்டவர்களை (6:10) 'ஆன்மாவின் ஏக்கம்' என்று விளக்கிவிட்டால் கொன்றவன் தப்பிவிடுகிறான். பாபிலோனின் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி மனிதரில் முடிகிறது (18:12–13). அது அடிமை வணிகத்தின் மீதான நேரடிக் குற்றச்சாட்டு. ஒரு நாள் கூலிக்கு ஒரு படி கோதுமை மட்டுமே கிடைக்கும் என்னும் குரல் (6:6) பஞ்ச விலையைச் சொல்கிறது. 1876–78இல் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. அக்காலத்தில் அவ்வசனத்தைக் கேட்ட ஓர் ஏழைக்கு ஞானார்த்தம் தேவைப்பட்டிருக்காது. திருவிதாங்கூரில் 1881ஐ எதிர்பார்த்தவர்கள் இதே ஆண்டுகளில் வாழ்ந்தவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

ஆண்டாள் ஊரின் பாடம்

இவ்விடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரின் மற்றொரு மரபு உதவுகிறது. ஆண்டாளின் திருப்பாவைக்கு வைணவ உரையாளர்கள் சொற்பொருளோடு 'ஸ்வாபதேசம்' என்னும் உட்பொருளும் கூறுவர். ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை எழுப்பப்படும் பத்துப் பெண்களைப் பத்து ஆழ்வார்களாகக் காண்பதும் உண்டு. ஆனால் அந்த உட்பொருள், மார்கழிக் குளிரையும் பாலையும் நெய்யையும் அழித்துவிடுவதில்லை. மேற்பொருள் நின்றால்தான் உட்பொருள் நிற்கும். இரு மரபுகளின் நம்பிக்கைகள் வேறு, நூலும் வேறு. ஆயினும் ஒரு பொருளை நிறுவ மற்றொன்றைக் கொல்லவேண்டியதில்லை என்னும் வாசிப்புப் பயிற்சி தமிழுக்குப் புதிதன்று.

மதிப்பீடு

யோவானின் தரிசனத்தைக் குறியீடாக வாசிப்பதே அந்நூலின் இயல்புக்கு ஏற்றது. ஆனால் அக்குறியீடுகள் சுட்டுவது உண்மையான அரசு, உண்மையான பசி, உண்மையான இரத்தம். ஒரு விளக்கத்தைக் கேட்கும் மாணவர் மூன்று கேள்விகளை எழுப்பலாம். முதல் வாசகராகிய ஆசியாவின் ஏழு சபையாருக்கு அது புரிந்திருக்குமா? திறவுகோல் நூலில் உள்ளதா, செய்தித்தாளில் உள்ளதா? அந்நாளை ஒருவரும் அறியார் என்னும் சுவிசேஷ வாக்குக்கு (மத்தேயு 24:36) அது இடமளிக்கிறதா?

மூன்றாம் கேள்வியில்தான் 1881 தோற்றது. கிறிஸ்தியான்பேட்டையும் அதே எழுப்புதலைக் கண்ட ஊர், அதே வருகைக்குக் காத்திருந்த ஊர். ஆனால் அது தேதி குறிக்கவில்லை. அடுத்த போகத்துக்கு விதைத்துவிட்டுக் காத்திருந்தது.