ஃப்ரிட்ஜுக்கு ஒரு தெர்மாமீட்டர்: வாங்கலாமா?

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குமிழில் 1 முதல் 7 வரை எண் போட்டிருப்பார்கள். அதை டிகிரி என்று நினைத்துக்கொண்டு, இன்னும் குளிர வேண்டுமென்று 4-லிருந்து 2-க்குத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. எண் ஏற ஏறத்தான் குளிர் கூடும். அந்த 4 உள்ளே எத்தனை டிகிரியாக மாறுகிறது என்பது சமையலறையின் வெக்கை, உள்ளே எவ்வளவு அடைத்திருக்கிறோம், பிள்ளைகள் கதவை எத்தனை தடவை திறக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. சில டபுள் டோர் மாடல்களில் கதவிலேயே டிஜிட்டல் எண் மின்னும். பெரும்பாலும் அதுவும் நாம் செட் செய்த எண்தான். உள்ளே நிஜமாக என்ன நிலவரம் என்று அது சொல்வதில்லை.

நம் வீடுகளில் இதுவரை இருந்த தெர்மாமீட்டர் இட்லி மாவுதான். மூன்றாம் நாள் லேசாகப் புளித்தால் ஃப்ரிட்ஜ் ஒழுங்காக இருக்கிறது. மறுநாளே பொங்கி மூடியைத் தள்ளினால் சர்வீஸ்காரருக்குப் போன் போட வேண்டும். மாவு பொய் சொல்லாது. ஆனால் தாமதமாகச் சொல்லும், ஃப்ரீசரில் இருக்கும் வஞ்சிரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

இருக்க வேண்டிய அளவு இதுதான்: குளிரூட்டிய உணவுக்கு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, உறைய வைத்ததற்கு மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே என்கிறது நம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அமெரிக்காவில் கீழ்ப்பகுதிக்கு 4 டிகிரி. 5-க்கும் 60-க்கும் நடுவே கிருமிகள் மளமளவென்று பெருகும் என்று எச்சரிக்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த 5-க்கு எந்தப் பக்கம் நம் ஃப்ரிட்ஜ் நிற்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் சாமான்.

நான் வைத்துப் பார்த்தவை இரண்டு வகை. ஒன்று, ஆன்லைனில் பல பெயர்களில் கிடைக்கும் செட்: காந்தத்தால் கதவில் ஒட்டிக்கொள்ளும் ஒரு டிஸ்ப்ளே, உள்ளே வைக்க இரண்டு வெள்ளை சென்சார்கள். விலை 2,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. ஆப் கிடையாது, வைஃபை கிடையாது; சென்சார்கள் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. இன்னொன்று, பட்டன் செல்லில் ஓடும் வில்லை மாதிரியான புளூடூத் சென்சார். இது எண்ணைப் போனில் காட்டும், வரைபடமும் போட்டுத் தரும்.

வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது. இதற்கு லேப் வேண்டாம். ஒரு டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அது 0 டிகிரியில் நிற்கும். சென்சாரை ஜிப் கவரில் காற்றை வெளியேற்றிப் போட்டு அதற்குள் அமுக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கவர் முக்கியம், இந்தச் சென்சார்கள் தண்ணீர் தாங்காதவை. செட்டின் ஒரு சென்சார் 0.6 காட்டியது, இன்னொன்று மைனஸ் 0.2. புளூடூத் வில்லை 0.1. வீட்டு உபயோகத்துக்கு மூன்றுமே போதும். இரண்டு டிகிரி தள்ளிக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது சிக்னல். ஃப்ரிட்ஜ் என்பது இரும்புத் தகட்டுப் பெட்டி. ரேடியோ அலை தகட்டைத் துளைக்காது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் காஸ்கெட் வழியாகத்தான் கசிந்து வெளியே வருகிறது. அதனால் சென்சாரைப் பின்சுவரோடு சேர்த்து, நீர் நிறைந்த பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் சிக்னல் தடுமாறும். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். மாவுத் தூக்குக்குப் பின்னால் வைத்தபோது வில்லை அடுத்த அறைக்குப் போன போனுக்கு எட்டவே இல்லை. தட்டின் முன்விளிம்புக்குக் கொண்டு வந்ததும் கூடம் வரைக்கும் வந்தது. 433 செட் எங்கே வைத்தாலும் பிடித்தது. அதன் டிஸ்ப்ளேயை ஃப்ரிட்ஜில் ஒட்டாமல் படுக்கையறை பீரோவில் ஒட்டி வைத்தும் பார்த்தேன், வேலை செய்தது.

ஃப்ரீசரில்தான் இந்தச் சாமான்கள் திணறுகின்றன. விற்கிறவர்கள் வாய் திறக்காத இடமும் அதுதான். சாதாரண அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த கரைசல். குளிரக் குளிர அதற்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். பல அல்கலைன் பேட்டரிகளின் விவரத்தாளில் கீழெல்லையே மைனஸ் 18, மைனஸ் 20 என்றுதான் இருக்கிறது. அதாவது ஃப்ரீசர் ஒழுங்காக வேலை செய்தால் பேட்டரி தன் எல்லையில் நிற்கிறது. செட்டோடு வந்த பேட்டரிகளைப் போட்டபோது ஃப்ரீசர் சென்சார் சீக்கிரமே பேச்சை நிறுத்தி, டிஸ்ப்ளேயில் வெறும் கோடு வந்தது. அதே பேட்டரியை வெளியே எடுத்து அறைச் சூட்டில் வைத்தால் உயிர் வந்துவிடுகிறது. மருந்து, லித்தியம் பென்சில் பேட்டரி. மைனஸ் 40 வரை தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஃப்ரீசர் சென்சாருக்கு மட்டும் போட்டால் போதும். வாங்கும்போது 1.5 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம்-அயான் செல்லும் கிடைக்கிறது, அதைப் போட்டால் சென்சார் புகைந்துவிடும்.

பட்டன் செல் லித்தியம்தான், அதனால் செத்துப்போகாது. ஆனாலும் குளிரில் உள்தடை கூடி, சிக்னல் அனுப்பும் நொடியில் வோல்டேஜ் சரிகிறது. ஆப்பில் ‘பேட்டரி குறைவு’ என்று சிவப்பு எழுத்து வரும். நம்பிப் புதுசு போட்டுவிடாதீர்கள்; வெளியே எடுத்தால் அதுவே முக்கால்வாசி இருப்புக் காட்டும். திரை உள்ள சென்சாரை ஃப்ரீசரில் வைத்தால் இன்னொரு வேடிக்கை: எல்.சி.டி. குளிரில் மந்தமாகி, பழைய எண்ணின் நிழல் மறையுமுன் புது எண் வந்து நிற்கும். ஷியோமியின் பிரபலமான சின்னச் சதுர புளூடூத் தெர்மாமீட்டரைப் பலர் ஃப்ரீசருக்கும் வாங்குகிறார்கள். கம்பெனியே அதற்குச் சொல்லும் எல்லை 0 முதல் 60 டிகிரி வரைதான். அது கீழ்த்தட்டுக்கு. ஃப்ரீசருக்கென்றால் பின்லாந்தின் ரூவிடேக் போல மைனஸ் 40 வரை என்று எழுதி விற்கும் சாமானைப் பார்க்க வேண்டும்.

சரி, எண் வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? முதல் வாரத்தில் இந்தத் தெர்மாமீட்டர் நிம்மதியைக் கெடுக்கும் என்பது நிச்சயம். தயிர் எடுக்கக் கதவைத் திறந்தால் 4 இருந்தது 9 ஆகிவிடும். பதறத் தேவையில்லை. சென்சார் அளப்பது காற்றை. கதவு திறந்ததும் குளிர்காற்று காலடியில் கொட்டிப்போய் வெக்கைக் காற்று உள்ளே புகுந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் தயிருக்கு அந்தச் சங்கதியே தெரியாது. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளில் இதற்காகவே தெர்மாமீட்டரின் முனையை கிளைகால் திரவத்திலோ கண்ணாடி மணிகளிலோ மணலிலோ புதைத்து வைப்பார்கள். வீட்டிலும் செய்யலாம். சென்சாரை ஜிப் கவரில் போட்டு, உப்பு நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் புதைத்தேன். அதன்பிறகு கதவு திறந்ததெல்லாம் கோட்டில் சின்ன நெளிவாகக்கூடத் தெரியவில்லை. எவர்சில்வர் டப்பா வேண்டாம், அது சிக்னலை அடைத்துவிடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களை இன்னொரு மேடு பயமுறுத்தும். நள்ளிரவில் யாரும் தொடாமலேயே ஃப்ரீசர் மைனஸ் 18-லிருந்து மைனஸ் 8-க்கு ஏறி, பிறகு தானே இறங்கும். பழுது ஒன்றுமில்லை. குளிர்ச்சுருளில் படிந்த பனியைக் கரைக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. கம்ப்ரசர் இத்தனை மணி நேரம் ஓடினால் ஒருமுறை என்று அது எரிகிறது. கரைந்த நீர் பின்னாலிருக்கும் தட்டில் இறங்கிக் காய்ந்துபோகும். புளூடூத் வில்லையின் வரைபடத்தில் இந்த மேடுகள் ஒழுங்கான இடைவெளியில் வந்ததைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடம் இரவில் கேட்ட அந்தச் ‘சுர்ர்’ சத்தம் என்னவென்று புரிந்தது. அலாரத்தை மைனஸ் 15-க்கு வைத்தால் மேடு வரும்போதெல்லாம் கத்தும். மைனஸ் 5-க்கு வைக்கலாம். ஆப்பில் வசதி இருந்தால், இவ்வளவு நேரம் தொடர்ந்தால் மட்டும் கத்து என்று தாமதம் வைப்பது இன்னும் நல்லது.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் மைனஸ் 18 வரவில்லையே என்று யாராவது கவலைப்பட்டால், உள்ளே ஃப்ரீசர் கதவில் பனி நட்சத்திரம் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. வெளியே ஒட்டியிருக்கும் மின்சார நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒற்றை நட்சத்திரப் பெட்டியில் மாதக்கணக்கில் கறி வைப்பது சரிவராது.

சென்சாரை இடம் மாற்றி மாற்றி வைத்ததில் உருப்படியாகச் சில விஷயங்கள் கிடைத்தன. எங்கள் ஃப்ரிட்ஜில் நடுத்தட்டு 4 டிகிரியில் இருக்கும்போது கதவு ரேக் 8. பால் பாக்கெட்டை அங்கேதான் நிறுத்தி வைக்கிறோம், நிற்க வசதியாக இருப்பதால். பால் இப்போது உள்ளே போய்விட்டது. ஊறுகாயும் சாஸும் கதவுக்கு வந்துவிட்டன. மேல்தட்டின் பின்மூலையில், காற்று வரும் துளைக்கு எதிரே, விடியற்காலையில் மைனஸ் 1 வரை போகிறது. கீரை கருகுவது அதனால்தான். இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. ஒருமுறை உறைந்துவிட்டால் திரும்ப உருகினாலும் அதைப் பயன்படுத்தக்கூடாது. அந்த வீடுகளுக்கு மேல் அலாரத்தைவிடக் கீழ் அலாரம் முக்கியம்.

கரண்ட் போகும்போதுதான் இந்தச் சாமானின் அசல் பரீட்சை. கதவைத் திறக்காமலிருந்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 என்கிறது அமெரிக்க அரசின் வழிகாட்டுதல். அங்கே சமையலறையின் வெக்கை வேறு. மே மாதத்து நம் சமையலறையில் இந்தக் கணக்கைக் குறைத்தே போட வேண்டும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் சின்ன ஐஸ் பெட்டிக்கு 48 பொருந்தவே பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் சில பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கதவைத் திறந்து பார்த்துக் குளிரை வீணாக்காமல், உள்ளே என்ன நிலவரம் என்று வெளியிலிருந்தே தெரிவதற்கு மேல் ஒரு பயன் வேண்டியதில்லை.

ஆனால் ‘ஊரில் இல்லாதபோதும் போனுக்கு எச்சரிக்கை வரும்’ என்று விளம்பரம் செய்யும் வைஃபை மாடல்களில் ஒரு ஓட்டை இருக்கிறது. கரண்ட் போனால் ரூட்டரும் அணைந்துவிடும். ஃப்ரிட்ஜ் சூடாகிக்கொண்டிருக்கும், செய்தி மட்டும் வராது. ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருந்தால்தான் அந்த மாடலுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு ஃபேனும் லைட்டும் மட்டுமே போட்டிருப்பார்கள் என்பதால் வாங்கும் முன் இதைச் சரிபாருங்கள். புளூடூத் வில்லையோ நாம் திரும்பி வந்து போனைக் கிட்டே கொண்டுபோனதும் சேமித்து வைத்த வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறது: இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது, ஆறு மணிக்கு 11 டிகிரி. மீன் குழம்பைக் கொட்டுவதா வேண்டாமா என்று மோந்து பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆப் இல்லாத 433 செட்டிலும் அதிகபட்சம், குறைந்தபட்சம் என்று இரண்டு எண்கள் நினைவில் நிற்கின்றன. எப்போது, எவ்வளவு நேரம் என்பதுதான் தெரியாது.

என் தேர்வு: பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 433 செட், ஃப்ரீசருக்கு லித்தியம் பேட்டரியோடு. பட்டன் எதையும் தொடாமல் போகிறபோக்கில் எண் கண்ணில் படும். போன் எடுத்து ஆப் திறக்கச் சொன்னால் அம்மா நிச்சயம் பார்க்கமாட்டார். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கும், மீன், கறியை மொத்தமாக வாங்கி வைப்பவர்களுக்கும் வரைபடம் தரும் புளூடூத் வகை. ஃப்ரீசரில் ஐஸ் ட்ரேயும் ஒரு பட்டாணிப் பாக்கெட்டும் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம், தட்டில் நிறுத்தி வைக்கும் சாதாரண டயல் தெர்மாமீட்டர் போதும். எதை வாங்கினாலும் பெட்டியின் பின்பக்கம் கீழெல்லை மைனஸ் 20-க்கும் கீழே போகிறதா என்று பாருங்கள். அதிகபட்சம்-குறைந்தபட்சம் நினைவில் வைக்காத செட், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.