காயைக் குறைத்தால் டிரா ஆகிவிடுமா?

டூட்டிங்கைச் சுற்றியுள்ள தென் லண்டன் கிளப்களில் வேலை முடிந்து வந்து செஸ் ஆடுபவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: ஒரு சிப்பாய் குறைந்துவிட்டதா, காய்களை மாற்றிக்கொண்டே போ, டிரா கிடைத்துவிடும். இரவு பத்து மணிக்கு, நார்தர்ன் லைன் ரயிலைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும்போது, யானைக்கு யானை வெட்டுவது பெரிய நிம்மதி. பல ஆட்டங்கள் தோற்பது அந்த நிம்மதியில்தான். சிப்பாய் குறைந்தவர் குறைக்க வேண்டியவை சிப்பாய்களே. பெரிய காய்களை, குறிப்பாக யானையை, கடைசிவரை பிடித்துவைத்திருக்க வேண்டும்.

ஒரே பக்கத்தில் நான்கு சிப்பாய்க்கு மூன்று என்ற நிலையில் யானைகள் இருந்தால் பெரும்பாலும் டிரா. யானைகள் போய்விட்டால் பெரும்பாலும் தோல்வி. காரணம் எளிது. யானை இருக்கும்வரை எதிராளியின் ராஜாவைப் பின்னாலிருந்து செக் வைத்துத் துரத்தலாம். கடைசிக் காலத்தை லண்டனில் கழித்து 1795-இல் இங்கேயே இறந்த செஸ் மேதை பிலிடோர் 1777-லேயே காட்டிய தற்காப்பு இது: எதிராளியின் ராஜா ஏற முடியாதபடி ஆறாவது வரிசையில் யானையைக் காவல் வை; சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையை மறுகோடிக்கு இறக்கி, செக் மேல் செக் வை.

'கிளப் ஆட்டத்தை முடிப்பது கவனப்பிசகுதான், எண்ட்கேம் அல்ல' என்பார்கள். பாதி உண்மை. ஆனால் தவறான காய்மாற்றமும் கவனப்பிசகுதான், அப்படித் தெரியாது என்பதே வித்தியாசம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம்: ஒரு சிப்பாய் குறைந்திருந்த டிங் லிரென் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2-இல் வைத்து மாற்றத்துக்கு அழைத்தார். சென்னைக்காரர் குகேஷ் யானையை வெட்டிவிட்டு பிஷப்பை டி5-இல் நிறுத்தினார். ஏ8 மூலையில் கிடந்த டிங்கின் பிஷப்புக்கு ஒதுங்க இடமில்லை, அதுவும் மாறியது. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். 58-ஆவது நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

களைப்பில் செய்தது என்று டிங்குக்காக வாதாடலாம். சரி, அலுவலகம் முடிந்து வருபவருக்கு மட்டும் களைப்பு இல்லையா? களைப்பு இருப்பதால்தான் முன்கூட்டியே பழகிய விதி ஒன்று வேண்டும். விதிவிலக்கும் உண்டு: மாறியபின் வரும் ராஜா–சிப்பாய் ஆட்டத்தைக் கடைசி நகர்வுவரை எண்ணிப் பார்த்து டிரா என்று உறுதியானால், தாராளமாக வெட்டலாம்.