பத்தாம் வகுப்பும் பரதேசப் பிரயாணமும்

1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து பிரிந்து, இடையில் மீண்டும் அதனோடு சேர்க்கப்பட்டு, 2007இல் தனி மாவட்டமாக நிலைபெற்ற அரியலூரும், பருத்தியையும் மக்காச்சோளத்தையும் முந்திரியையும் நம்பி ஜீவிக்கும் வானம்பார்த்த பூமிகளை மிகுதியாக உடையவை. சுண்ணாம்புக் கல்லை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகள் சிலருக்கு வேலை தந்தனவேயன்றி, மழை பொய்த்த வருஷங்களில் வாலிபர்கள் அனைவரையும் ஊரிலேயே நிறுத்திக்கொள்ளும் சக்தி அவற்றுக்கு இருந்ததில்லை. ஆகவே லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போவது தலைமுறை வழக்கமாயிற்று. இப்பிரயாணிகளைக் காக்க நம் தேசம் செய்திருக்கும் ஏற்பாடு அவர்களை எவ்வளவு தூரம் காக்கிறது என்பது நிதானமாக ஆராயத்தக்க விஷயம்.

1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டமே இவ்வேற்பாட்டின் அஸ்திவாரம். பத்தாம் வகுப்பு தேறாதவர், குறிப்பிட்ட 18 நாடுகளில் வேலைக்குச் செல்வதானால், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். ஆட்களைத் திரட்டும் ஏஜெண்டு அரசாங்க உரிமம் உடையவராக இருக்க வேண்டும். அந்நிய முதலாளி கணினி வழியே பதிவு செய்துகொள்ளவும், சம்பளத்தை ஒப்பந்தத்தில் எழுதிவைக்கவும் கடமைப்பட்டவர். பிரயாணிக்குப் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. இவற்றை அற்பமென்று எவரும் தள்ளலாகாது. எழுத்தறிவு குறைந்த தொழிலாளி ஒருவன் பாலைவனத்தில் தனித்து நிற்கையில், தன் சம்பளம் இன்னதென்று இரண்டு அரசாங்கங்களும் அறியும் ஒரு காகிதம் அவன் வசம் இருப்பது பெரிய பலம்.

ஆனால் பாதுகாப்பு யாருக்குத் தேவை என்பதைப் பள்ளிச் சான்றிதழைக் கொண்டும் நாடுகளின் ஜாபிதாவைக் கொண்டும் அளந்தது, அக்காலத்துக்கு நியாயமாக இருந்திருப்பினும், இக்காலத்துக்குப் பொருந்துவதாக இல்லை. மலேசியா ஜாபிதாவில் இருக்கிறது. நம் ஜனங்கள் கட்டட வேலைக்குத் திரளாகச் செல்லும் சிங்கப்பூர் அதில் இல்லை. கம்போடியா, லாவோஸ், மியன்மர் ஆகியவையும் இல்லை. 2022இல் மியன்மரின் மியாவடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ் வாலிபர்களை நினைத்துப் பார்த்தால் இக்குறையின் ஆழம் விளங்கும். கணினி உத்தியோகம் என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் நிர்ப்பந்த வேலைக்கு அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். அவர்களுடைய பட்டமே அவர்களைச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஊருக்கு ஊர் பொறியியல் கல்லூரி எழுந்துவிட்ட பெரம்பலூர்ப் பக்கத்துக்கு இனி வரும் அபாயம் இதுவே என்பது என் அபிப்பிராயம். பெண்கள் விஷயத்தில் குறை வேறு விதமானது. வீட்டுவேலைக்குச் செல்வோருக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி நல்லெண்ணத்தால் எழுந்ததே. எனினும் வறுமை வயது பார்ப்பதில்லையாதலால், விதிக்கு உட்படாதவள் சுற்றுலா விசாவில் புறப்பட்டு, ஒப்பந்தமும் காப்பீடும் இன்றிப் போய்ச் சேருகிறாள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கடனைப் பற்றியது. உரிமம் பெற்ற ஏஜெண்டு ஒருவரிடம் 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது விதி. உரிமம் பெற்றவரோ சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறார். கிராமத்துக்கு வருபவர் சப்-ஏஜெண்டு. அவர் சொந்தக்காரராகவும் இருப்பார், முன்பு பயணம் போய்த் திரும்பியவராகவும் இருப்பார். அவரிடம் ரசீது கேட்பதே மரியாதைக் குறைவு என்று எண்ணுகிற சமூகத்தில், நகையை அடகு வைத்தும் நிலத்தை ஒத்திக்கு விட்டும் திரட்டிய லட்சங்கள் கைமாறிவிடுகின்றன. 1983ஆம் வருஷத்துச் சட்டம் இம்மனிதரை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாததாலேயே அவரைக் கட்டுப்படுத்தவும் அதனால் இயலவில்லை. விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்க்கும்போது அத்தொழிலாளி ஏற்கெனவே இரண்டு வருஷச் சம்பளத்தைக் கடனாக எழுதிக் கொடுத்துவிட்டவன். அங்கே சொன்ன சம்பளம் கிடைக்காவிடினும், தங்குமிடம் மனிதர் வசிக்கத் தகாததாக இருப்பினும், திரும்பிவர அவனுக்குச் சுதந்திரம் இல்லை.

போன இடத்தில் தொழிலாளியின் நிலைமையைக் கண்காணிக்கும் விஷயத்தில் பழைய சரித்திரம் ஒரு பாடம் தருகிறது. 1922ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், கங்காணிகள் கூலியாட்களைத் திரட்டிய அந்நாளிலேயே, மலாயாவிலும் இலங்கையிலும் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் வசித்து, தோட்டங்களின் நிலைமையைப் பார்த்து எழுதினார். 1938இல் மலாயாவுக்குக் கூலியாட்கள் செல்வதையே அரசாங்கம் நிறுத்தியது. அந்நிய ஆட்சியாலேயே அத்துணை செய்ய முடிந்ததென்றால், சுதந்திர தேசம் தன் தூதரகங்களில் தொழிலாளர் விவகார அதிகாரிகளைப் பெருக்கி, 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தீக்கு இரையானது போன்ற தொழிலாளர் விடுதிகளை முன்கூட்டியே பரிசோதிக்கும் அதிகாரத்தை ஒப்பந்த நிபந்தனைகளில் கேட்டுப் பெறுவது அசாத்தியமன்று.

பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இலும் 2025இலும் வரைவுகள் வெளிவந்தன. அவற்றை ஆராய்வோர் முதலாவதாகச் செய்யவேண்டியது சப்-ஏஜெண்டை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லி, அவர் வாங்கும் தொகைக்கு மூல உரிமதாரரையே பொறுப்பாக்குவது. அடுத்தது சம்பள பாக்கி. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் வந்தே பாரத் மீட்பு விமானங்களில் திரும்பியவர்களுள் பலர் மாதக்கணக்கான கூலியை அங்கேயே விட்டு வந்தனர். வழக்காட அந்நிய நீதிமன்றத்துக்கு மீண்டும் போக அவர்களுக்கு விசாவும் இல்லை, வசதியும் இல்லை. 1996இலேயே பிரவாசிகளுக்குத் தனித்துறை கண்ட கேரளத்தைப் போல் நம் மாநிலத்திலும் அயலகத் தமிழர் நலனுக்கென்று துறையும் வாரியமும் இப்போது இருக்கின்றன. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒருவர் மனு எழுதிக் கொடுத்தால், அதை வாங்கி, மொழிபெயர்த்து, அவர் வேலை பார்த்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் மூலம் வழக்காக நடத்தி, முடிவைத் தபாலில் அவருக்கே தெரிவிக்கும் கடமையை அவ்வாரியத்தின் மீது புதிய சட்டத்தின் வாசகமே சுமத்த வேண்டும்.