கொழுப்புருண்டையா, நுண்பையா?

லிப்போசோம் என்பதைத் தமிழில் ‘கொழுப்புருண்டை’ என்று பெயர்ப்போர் உளர். கிரேக்கத்தில் லிப்போஸ் என்பது கொழுப்பு. சோமா என்பது உடல். ஆகவே சொல்லளவில் பிழையில்லை. பிழை பொருளில்தான். உருண்டையென்றால் எள்ளுருண்டை போல உள்ளும் புறமும் ஒன்றாயிருப்பதன்றோ? இதுவோ உள்ளே நீரை அடைத்துக்கொண்ட பை. கொழுப்பு அதன் சுவர் மட்டுமே. மாணவன் வட்டம் வரைந்து முழுவதும் மைதீட்டி வைப்பானாயின், குற்றம் அவனுடையதன்று.

‘செய்யப்படும்’ என்னும் வினையும் பொருந்தவில்லை. 1960களின் முற்பகுதியில், இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆய்வுநிலையத்தில் அலெக் பாங்காம், முட்டை மஞ்சட்கருவிலும் உள்ள லெசித்தின் போன்ற பொருள்களை நீரிலிட்டு ஆராய்ந்தார். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தவை வெங்காயத்தோல் போல அடுக்கடுக்கான பைகள். அவற்றை எவரும் வனையவில்லை. அம்மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால்கள் இரண்டும் நீரை வெறுக்கும். வாலோடு வால் முகம்பார்த்து ஈரடுக்குத் தகடாகும். தகட்டின் விளிம்பிலும் வால்கள் நீரிற் படுமாதலின், அது வளைந்து தன்னைத்தானே மூடிக்கொள்ளும். ‘தானே உருவாகும்’ என்பதே நேரிய தொடர்.

ஆயினும், எல்லாம் தானே நிகழுமென்று புகழ்வதும் மிகை. 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாக்சில் என்னும் புற்றுநோய் மருந்தில், பைகளை ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுக்குச் சிறுக்கி, டாக்சோரூபிசினை உட்புகுத்துவது மனிதர் வேலை. பைக்குள் அடைபட்டதால் அம்மருந்து இதயத்துக்கு இழைக்கும் தீங்கு குறைந்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து புண்ணாகும் தொல்லையோ மிகுந்தது. இதைச் சொல்லாத கட்டுரை அறிவியற் கட்டுரையாகாது, விளம்பரமாகும்.

‘கொழுமிய நுண்பை’ எனலாம். பையென்றால் மருந்து உள்ளே மட்டும் இருக்குமோ எனச் சிலர் ஐயுறலாம். கருங்காய்ச்சலுக்கு வழங்கும் ஆம்பிசோமில் மருந்து சுவரிலேயே பதிந்துள்ளது. சுவருக்குள் பொருள் பதித்த பையும் பையே. ‘குமிழி’ என்னும் சொல் அழகியதுதான்; ஆனால் அது காற்றை நினைவூட்டும்.

2020இல் வந்த கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் கொழுமியத் துகள்களையும் லிப்போசோம் என்றே எழுதிவிடுகின்றனர். அவை நடுவே நீரறை கொண்ட பைகளல்ல. ஆர்என்ஏ இழையைக் கொழுமியங்கள் நெருங்கப் பற்றிய திரள்கள். ‘உருண்டை’ என்னும் சொல் எங்கேனும் பொருந்துமாயின், அங்கேதான் பொருந்தும்.