முதலீடும் அடைக்கலமும்

அறம் என்னும் பழைய சொல்லுக்குப் பக்கத்தில் இன்று ஒரு புதிய சொல் வந்து நிற்கிறது: சமூக முதலீடு. கொடுத்தவன் கொடுத்ததை மறந்துவிட வேண்டும் என்றது பழைய அறம். முதலும் திரும்ப வேண்டும், சிறு வருவாயும் சேர வேண்டும், அதனூடே எளியோர்க்கு நன்மையும் விளைய வேண்டும் என்கிறது புதிய சொல். கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கின்றனர். துயரத்தை வைத்து வாணிபமா என்கின்றனர். வேறு சிலர் கைதட்டுகின்றனர். இனி உண்டியல் ஏந்த வேண்டியதில்லை என்கின்றனர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே நம் கருத்து. கணவனின் அடிக்கு அஞ்சி வெளியேறிய பெண்களைத் தாங்கும் அமைப்புகளை உரைகல்லாக வைத்து, இச்சொல்லை உரைத்துப் பார்ப்போம்.

அடியும் உதையும் எங்கோ ஒரு மூலையில் நடப்பவையல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். கல்வியில் முன்னே, தொழிலில் முன்னே என்று மார்தட்டும் நாட்டில் இந்தக் கணக்கு!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2005-இல் நிறைவேறி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவன் வாழும் வீட்டில் வாழும் உரிமையை மனைவிக்கு வழங்குகிறது. அடைக்கலம் கோரப்பட்டால் காப்பகம் இடமளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 181 என்னும் உதவி எண் உண்டு. 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் உண்டு. அம்மையத்தில் தங்கும் காலம் ஐந்து நாள். அதன்பின் செல்ல நெடுநாள் இல்லங்களும் உண்டு. ஆயினும் இல்லத்தை விட்டு வெளியேறித் தன் காலில் நிற்கும் நாள் என்று ஒன்று வருமே, அன்று அவள் எங்கே போவாள்?

வாடகைக்கு வீடு தேடுவாள். முன்பணம் கேட்பார்கள். முன்பணத்துக்கும் முன்னே ஒரு கேள்வி கேட்பார்கள்: "வீட்டுக்காரர் எங்கே?" நம் மொழியைப் பாருங்கள்! கணவனுக்கும் வீட்டுக்காரர் என்று பெயர். வீட்டின் உடைமையாளனுக்கும் வீட்டுக்காரர் என்று பெயர். ஒரு வீட்டுக்காரரிடமிருந்து தப்பி வந்தவளை, இன்னொரு வீட்டுக்காரர் வாயிலில் நிறுத்தி, முதல் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கிறார். வீடு ஆணுக்கு உரியது, பெண் அதில் இருத்தப்பட்டவள் என்னும் எண்ணம் சொல்லிலேயே ஊறிக் கிடக்கிறது. மீண்டும் அடிப்பவனிடமே திரும்புகிறாளே, இவளுக்கு அறிவில்லையா என்று கேட்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும். அவளுக்கு அறிவு இருக்கிறது, கூரைதான் இல்லை.

பள்ளியில் பாடம் சொல்லும் நாம் இதைப் பிள்ளைகளின் முகத்தில் படிக்கிறோம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால் அதைக் காட்டிப் பிள்ளையை மறுக்கலாகாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஆண்டின் நடுவே வரும் பிள்ளைக்குப் பள்ளியின் கதவு திறக்கிறது. அந்தப் பள்ளிக்கு அருகே ஓராண்டு நிலைத்து வாழ வீட்டின் கதவு திறக்கிறதா?

ஆக, இவ்வமைப்புகளுக்கு வேண்டும் பணம் இருவகை. நள்ளிரவில் மீட்பதற்கு, மருந்துக்கு, உணவுக்கு, வழக்குரைஞருக்கு, மனத்தின் காயத்தை ஆற்றுவதற்கு என்று செலவாகும் பணம் ஒன்று. அது திரும்பாது, திரும்ப வேண்டும் என்று கேட்பதும் தகாது. சுவர் எழுப்பவும் தொழில் தொடங்கவும் ஆகும் பணம் மற்றொன்று. அது திரும்பக்கூடும். இந்த வேறுபாட்டை மறந்தால் முதலீடு வட்டிக்கடையாகிவிடும்.

பழைய அறம் செய்ததைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு இடமில்லை என்று ஊர் கைவிரித்தபோது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். எந்த முதலீட்டாளரும் அன்று முன்வந்திருக்கமாட்டார். ஆனால் நன்கொடை ஆண்டுதோறும் வற்றும் பாத்திரம். மணிமேகலையின் அமுதசுரபி எல்லோர் கையிலும் இல்லை!

பிரிட்டனில் 2020-இல் ஒரு வழி கண்டனர். ரெசொனன்ஸ், பேட்ரன் கேபிடல் என்னும் இரு நிறுவனங்கள் சேர்ந்து 'விமன் இன் சேஃப் ஹோம்ஸ்' என்னும் நிதியத்தை ஏற்படுத்தின. நிதியம் வீடுகளை வாங்கும். பெண்களுக்கு உதவும் அமைப்புகளுக்குக் குத்தகைக்கு விடும். வாடகை முதலீட்டாளரைச் சேரும். நல்ல ஏற்பாடே. ஆனால் அங்கே வருவாய் குறைந்தவரின் வாடகைச் சுமையை வீட்டு உதவித்தொகையாக அரசு தாங்குகிறது. முதலீட்டின் வெற்றிக்குப் பின்னே அரசின் கருவூலம் நிற்கிறது. அதைச் சொல்லாமல் முதலீட்டின் புகழை மட்டும் பாடுவது பாதி உண்மை.

நம் நாட்டில் சமூகப் பங்குச் சந்தை என ஒன்று வந்துள்ளது. 2019 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் முதல் தொண்டு நிறுவனம் அதில் இடம்பெற்றது. அங்கே தொண்டு நிறுவனம் வெளியிடும் பத்திரத்துக்கு வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது. பெயர் பத்திரம், பொருள் நன்கொடை! எனினும் கணக்கைப் பொதுவில் வைக்கச் செய்கிறது என்பதால் அதை வரவேற்கலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அடைக்கல இல்லத்தின் முதற்காவல் அதன் முகவரி வெளியே தெரியாதிருப்பது. பணம் போட்டவர் படம் கேட்டால், பயனாளியை மேடையில் நிறுத்தச் சொன்னால், அந்தப் பணமே வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும்.

முதலீடு நன்கு வேலை செய்த இடமும் உண்டு. சென்னையில் 2001 முதல் இத்துறையில் உழைக்கும் பி.சி.வி.சி. அமைப்பு, தீக்காயமுற்ற பெண்களையும் பேணுகிறது. ஹாட் பிரெட்ஸ் நிறுவனர் எம். மகாதேவன் முன்னின்று, அப்பெண்களுள் சிலருக்கு ரொட்டி, கேக் செய்யும் பயிற்சி தந்து, ரைட்டர்ஸ் கஃபே என்னும் உணவகத்தில் வேலையும் அளித்தார். அங்கே முதல் கடையில் போடப்பட்டது. பெண்ணின் தலையில் கடனாக ஏற்றப்படவில்லை. நெருப்பு தின்ற முகத்தை மறைக்காமல் ஊதியம் பெற்று நின்றாளே, அதுவே அம்முதலின் வருவாய்.

நம் மண்ணூரைச் சுற்றி, திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்துள்ளன. வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு இடம் வேண்டும் என்றதும் பணம் கிடைத்தது. இரு பிள்ளைகளைக் கையில் பிடித்து வரும் தாய்க்கு மட்டும் ஏன் கிடைக்காது? அவள் ஊதியத்திலேயே வாடகை வாங்கிக்கொள்ளலாம் என்பார்க்கு நோக்கியாவை நினைவூட்டுகிறோம். 2006-இல் தொடங்கிய அந்த ஆலை 2014-இல் மூடப்பட்டது. ஆலை மூடினால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் அவள் மீண்டும் அடிப்பவன் வாயிலில் நிற்பாள்.

எனவே வாடகைக்குப் பொறுப்பு ஆலையும் அரசும் ஏற்க வேண்டும். 2013 நிறுவனங்கள் சட்டம், பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அப்பணிகளின் பட்டியலில் பெண்களுக்கான இல்லங்களும் விடுதிகளும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. அந்த விழுக்காட்டிலிருந்து ஆலைகள் வாடகைக்கு உறுதி தரட்டும். அவ்வுறுதியை நம்பி முதலீட்டாளர் சுவர் எழுப்பட்டும். அந்தச் சுவருக்குள் அமைப்புகள் தம் பணியைச் செய்யட்டும். வருவாய் வேண்டுவோர் சுவரிலிருந்து பெறட்டும். அவளுடைய கண்ணீரிலிருந்து பெற வேண்டா.

வீடு என்பது பெண்ணுக்கு ஆண் இடும் பிச்சையன்று, உரிமை. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கப்படும்போது, "வீட்டுக்காரி நான்தான்" என்று அவள் விடை சொல்லும் நாள் வரட்டும். அதற்கு உதவும் முதலீட்டை வரவேற்போம். உதவாததை முதலீடு என்று மட்டும் சொல்வோம், சமூகம் என்னும் அடைமொழியைத் தரமாட்டோம்.