செந்நுரைக் கிண்ணம்

குளிர்ந்த கண்ணாடிக் கிண்ணத்தில் லம்ப்ருஸ்கோ ஒயினைச் சாய்க்கும் கணத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அடியில் மாணிக்கச் சிவப்பு. அதன்மேல் இளஞ்சிவப்பும் ஊதாவும் குழைந்த நுரை, மெல்லச் சீறியபடி விரற்கடை உயரம் எழும்பி, நாலைந்து மூச்சுக்குள் அடங்கிவிடுகிறது. ஷாம்பெய்னின் வெண்ணுரையை உலகம் போதுமான அளவு பாடிவிட்டது. என் மனம் இந்தச் செந்நுரையிடம்தான். மாலையில் இத்தாலியர் பசியை எழுப்புவதற்காக அருந்தும் அபெரிடிவோவுக்கு இதைக்கொண்டு ஒரு காக்டெய்ல் செய்து பார்த்தால், அதன் ஒவ்வொரு அசைவும் அந்த நுரையின் மனம் கோணாமல் நடந்துகொள்ளும் கலை என்பது விளங்கும்.

முதலில் அந்த ஒயின். மொடேனா, ரெஜ்ஜோ எமிலியா வட்டாரங்களில் லம்ப்ருஸ்கோ என்பது ஒற்றைத் திராட்சை அன்று, பெரிய குடும்பம். காஸ்டெல்வெத்ரோ குன்றுகளில் விளையும் கிராஸ்பரோஸ்ஸா கருஞ்சிவப்பு நிறமும் அழுத்தமான துவர்ப்பும் கொண்டது. உணவோடு அருந்த அருமையானது. ஆனால் இந்தக் கிண்ணத்துக்கு நான் தேர்வது சொர்பாரா. செக்கியா, பனாரோ என்ற இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட வண்டல் சமவெளியின் செல்லப்பெண் அது. அதன் பூக்களின் மகரந்தம் மலட்டுத்தன்மை உடையது. ஆகவே சலாமினோ என்ற உறவுக்கொடியைப் பக்கத்திலேயே நட்டு வளர்க்கிறார்கள். அப்படியும் பூக்கள் பல உதிர்ந்துபோக, கொத்துகள் நெருக்கமின்றித் தளர்வாகத் தொங்கும். அந்தக் கொத்துகளிலிருந்து வருகிறது வெளிறிய, ஒளி ஊடுருவும் சிவப்பு. வயலெட் பூவின் நறுமணம். நாவின் ஓரங்களைச் சிலிர்க்கவைக்கும் கூரிய புளிப்பு. அந்தப் புளிப்புக்காகவே அதைத் தேடுகிறேன். கசப்பும் இனிப்பும் வந்து சேரும்போது தளராமல் நிமிர்ந்து நிற்பது அதுதான்.

குமிழிகளையும் பாருங்கள். இந்த ஒயின்களில் பெரும்பாலானவை மூடிய எஃகுத் தொட்டியில் இரண்டாம் முறை நொதிக்கின்றன. ஃபெதெரிகோ மார்த்தினோத்தி 1895இல் காப்புரிமை பெற்ற முறை அது. சிலர் இன்றும் புட்டிக்குள்ளேயே நொதிக்கவிட்டு, வண்டலோடு சற்றுக் கலங்கலாக விற்கிறார்கள். எப்படியானாலும், ஃப்ரிஸ்ஸாந்தே எனப்படும் மென்குமிழி வகையில் அழுத்தம் 2.5 பாருக்கு மேல் போகாது. ஷாம்பெய்னிலோ ஏறக்குறைய 6 பார். அதனால் இதன் குமிழிகள் நாவைக் குத்துவதில்லை, வருடிச் செல்கின்றன.

துணைக்கு இருவர். 1860இல் நொவாராவில் பிறந்த காம்பாரி, செக்கச்சிவந்த கசப்பு மது. 1786இல் தூரினில் கார்ப்பானோ வடித்த மரபில் வந்த இனிப்பு வெர்மூத், மூலிகை வாசமும் மாசிபத்திரி இனச் செடியின் ஆழ்ந்த கசப்பும் கொண்டது. ஒவ்வொன்றிலும் 30 மில்லி, லம்ப்ருஸ்கோ 90 மில்லி. மிலானின் பார் பாஸ்ஸோ மதுக்கூடம் புகழ்பெறச் செய்த ஸ்பாலியாத்தோ காக்டெய்லின் தங்கை என்று இதைச் சொல்லலாம். இனிப்பில்லாத 'செக்கோ' வகை ஒயினையே வாங்குங்கள். இனிப்பு வகையானால் வெர்மூத்தோடு சேர்ந்து திகட்டும்.

இனிக் கைத்திறன். எல்லாம் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும். சூடு பட்ட திரவம் தன் வாயுவைப் பிடித்துவைக்காது. பனிக்கட்டி பெரியதாக, வழவழப்பாக இருக்கட்டும். உறைபனி படிந்து சொரசொரத்த கட்டியின் ஒவ்வொரு முனையிலும் குமிழிகள் திரண்டு பொங்கி ஓடிவிடும். ஆகவே கட்டிகளைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, அந்த நீரை வடித்துவிடுங்கள். காம்பாரியும் வெர்மூத்தும் முதலில் உள்ளே போகட்டும். பிறகு கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, அதன் உட்சுவர் வழியே ஒயினை நூலாக வழியவிடுங்கள். இறங்கும் ஒயினே அடியிலுள்ள கனத்த இனிப்பைக் கிளறி மேலே கொண்டுவரும். சிவப்பினுள் சிவப்பு இழையிழையாகச் சுருண்டு கரைவதைக் கண்ணாரக் காணலாம். நீள்கரண்டியை அடிவரை இறக்கி ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள், போதும். சுழற்றிக் கலக்கினால் நுரைக்குத் தாங்காது.

ஆரஞ்சுத் தோலைக் கடைசியில், நுரை தானாக அடங்கிய பின்பு பிழியுங்கள். எண்ணெய்க்கும் நுரைக்கும் ஆகாது. தோலிலிருந்து தெறிக்கும் நுண்துளிகள் மேற்பரப்பில் பளபளக்க, வயலெட் மணத்தின் மீது ஆரஞ்சின் மணம் மெல்லக் கவிழும். முதல் மிடறில் புளிப்பு, அடுத்துப் பழத்தின் சாயல், தொண்டைக்குப் போன பிறகு மெதுவாக ஏறும் கசப்பு. அந்தக் கசப்புதான் வாயூறச் செய்து பசியை எழுப்புகிறது. கூடவே கடித்துக்கொள்ள, அதே மண்ணின் பர்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி இரண்டு துண்டு. இரண்டாண்டு முதிர்ந்ததில் பல்லிடுக்கில் நெறுநெறுக்கும் படிகமணிகள் இதற்கென்றே விளைந்தவை.

நால்வருக்கு ஊற்றினாலும் புட்டியில் பாதி மிஞ்சும். அதை அடைத்துவைக்காமல் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோங்கள். பக்கத்து மாந்துவாவில் குளிர்கால விருந்தைத் தொடங்கும்போது, மாவுப்பொதிகள் மிதக்கும் சூடான இறைச்சி ரசத்திலேயே லம்ப்ருஸ்கோவை ஊற்றிக் குடிக்கும் வழக்கம் உண்டு. காக்டெய்லுக்கு நெடுங்காலம் முன்பே, பசியைத் தட்டி எழுப்ப இந்தச் சிவப்பை நாடியவர்கள் அவர்கள்.